அக்கா எலும்புக்கு வழி

மே 13, திங்கள்

பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி சொர்ணம் மூன்று நாளாக என் உயிரை எடுக்கிறாள். கோடை விடுமுறையில் வாத்தியார் வீட்டில் சும்மா இருப்பது எந்த மனைவிக்கும் பொறுக்காது. இன்று ஏணியில் பாதி ஏறியபோது பூரணி போன் செய்தாள். பூரணி என் அக்கா செண்பகவல்லியின் ஒரே மகள். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள்.

"மாமா, உங்க டெஸ்ட் வந்துருச்சு. பத்துக்குப் பத்து பொருந்துது."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். எனக்கு ஒருவர் போடுவது இதுதான் முதல் தடவை. ஏணியிலிருந்து இறங்கி, எதற்கு ஏறினேன் என்பதே மறந்து, சமையலறை வாசலில் போய் நின்றேன்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். பொங்கல் கழிந்து கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றி அடக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் திரும்பி வரும் ரகமாம். உடன்பிறந்தவர் ஒருவரின் எலும்புக்குள் ரத்தம் ஊற வைக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். உடன்பிறந்தவன் என்று இருப்பது நான் ஒருவன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆறு வருடமாகிறது.

"உங்கம்மா என்ன சொன்னா?" என்று பூரணியிடம் கேட்டேன்.

"'அவனா?'ன்னாங்க. அப்புறம், 'அவன் செல்லுக்கு வழி தெரியுமாடி?'ன்னு கேட்டாங்க."

நியாயமான கேள்வி. நான் பூகோள வாத்தியார். உலகத்து ஆறுகள் எங்கே பிறந்து எந்தக் கடலில் விழுகின்றன என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் பிறந்து வளர்ந்த கோவில்பட்டியில், பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்றைக்கும் சந்தேகம். சொர்ணத்தைப் பெண் பார்க்கப் போன அன்று இரண்டு வீடு தள்ளி நுழைந்து கேசரியும் தின்றுவிட்டேன். அந்த வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்ததுதான் வினை. அக்கா வந்து மன்னிப்புக் கேட்டு என்னை மீட்டுக்கொண்டு போனாள்.

பூரணி கல்யாணத்தன்று வழி தப்பியது வேறு கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஊசி போடும் நாட்களில் உடம்பில் என்னென்ன மாற்றம் என்று தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டுமாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. இன்றைய மாற்றம்: இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டேன்.

மே 14, செவ்வாய்

ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறவனைப் பரணில் ஏற்றுவது மருத்துவ விரோதம் என்று சொர்ணத்திடம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டடைக் கம்பை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மே 18, சனி. சென்னை

எழும்பூரில் பூரணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைக் கடந்த பிறகும் விடவில்லை. "ஏம்மா, நான் என்ன குழந்தையா?" என்றேன்.

"அம்மாவோட உத்தரவு மாமா. ஆஸ்பத்திரிக்குள்ளயும் விடக் கூடாதாம்."

காப்பி வாங்க அவள் கையை விட்ட ஐந்து நிமிடத்தில், மூன்றாம் மாடி என்று நினைத்து வேறெங்கோ போய், கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தொப்பையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டாக்டர் நிலோஃபருக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லுகிறார்.

"சார், உங்க அக்காவோட எலும்பு மஜ்ஜையை முழுசா அழிக்கிற மருந்து இன்னிக்குக் காலையில ஆரம்பிச்சாச்சு. இனிமே திரும்ப முடியாது. அவங்களுக்கா ரத்தம் ஊறாது. இருபத்திநாலாம் தேதி உங்க செல் போய்ச் சேர்ந்தே ஆகணும். அதுவரைக்கும் நீங்க பத்திரமா இருக்கணும். பைக் வேணாம். வெளியூர் வேணாம்."

அதாவது, நான் தொலைந்துபோனால் அக்கா இல்லை. ஐம்பத்தொரு வயதில் முதன்முறையாக, நான் வழி தப்பக் கூடாது என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அக்காவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையில் முடி இல்லை. காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, எங்கள் அப்பாவின் காதுகள். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல நின்றேன். கை கழுவும் முறை ஏழு படிகள்.

மே 20, திங்கள்

முதல் ஊசி. வயிற்றில் போட்டார்கள். ஐந்து நாளைக்கு தினம் ஒன்று. ஊசிக்குப் பயப்படுகிறவன் அல்ல நான், ஆனால் போடும்போது டாக்டரிடம் சந்தேகம் கேட்பது என் வழக்கம்.

"எலும்புக்குள்ள இருக்கிற செல்லு, ஊசி போட்டதும் எப்படி வெளியே வரும்?"

அவர் என் நோட்டை வாங்கிப் படம் போட்டார். மஜ்ஜைக்குள் சில செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்குமாம். ஸ்டெம் செல்லின் மேல் அந்தப் புரதத்தை உணரும் மூக்கு மாதிரி ஒன்று இருக்கிறது. அந்த வாசனை இருக்கும்வரை அது வீட்டைவிட்டு நகராது. இந்த ஊசி வாசனையைக் குறைத்துவிடும். பிடிப்பு விட்டுப்போன செல்கள் ஒவ்வொன்றாக ரத்தத்துக்குள் இறங்கும். இறங்கியதை மெஷின் பிடித்துக்கொள்ளும்.

"அந்தப் புரதத்துக்குப் பேரு?"

"சி.எக்ஸ்.சி.எல். பன்னிரண்டு."

டவுன் பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் தவறாக இறங்குகிற எனக்கு இது நல்ல சகுனமாகப் படவில்லை.

"சரி டாக்டர். அக்கா உடம்புக்குள்ள போனப்புறம்? எலும்புக்குப் போகணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"அதே புரதம்தான் சார். மருந்து ஏத்தினப்புறம் காலியா கிடக்கிற மஜ்ஜை அதை இன்னும் அதிகமாச் சுரக்கும். நாங்க கை நரம்புல விடறதோட எங்க வேலை முடிஞ்சது. அங்கேருந்து அதுவாத்தான் போகணும். ரத்தக் குழாய்ச் சுவரைத் தடவிக்கிட்டே உருண்டு போகும். வாசனை பலமா இருக்கிற இடத்துல நிக்கும். இடுக்குல புகுந்து உள்ளே போகும்."

"எல்லாமே போயிருமா?"

"இல்ல. கொஞ்சம் நுரையீரல்லயும் மண்ணீரல்லயும் போய் மாட்டிக்கும்."

என் செல் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அறைக்கு வந்து யோசித்தேன். கல்யாணக் கதையையும் எழுதிவிடலாம், ஊரே அறிந்ததுதான். பூரணியின் கல்யாணம் கோவில்பட்டியில், ஐப்பசி அடைமழையில் நடந்தது. அத்தான் அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டார். அக்கா ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் நடத்தினாள். முந்தின நாள் மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டதால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மண்டபத்துக்கு மாற்றினார்கள். நான் வேலை பார்க்கும் அருப்புக்கோட்டையிலிருந்து காலையில்தான் கிளம்பிய எனக்கும், மற்ற எல்லோருக்கும், அக்கா போனில் சேதி அனுப்பினாள். அவள் தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். அவள் கையால் பிரித்த கடிதம் ஒன்றுகூட முகவரி மாறிப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. நான் வழி தப்பினேன். மாலை போட்டுப் பெண்ணை மணமேடைக்கு அழைத்துவர வேண்டிய தாய்மாமன், மாலையோடு பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். முகூர்த்தம் பத்தரைக்கே முடிந்துவிட்டது. அக்கா வீட்டுப் பால்காரர் கதிர்வேல் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இனி என் வாசல மிதிக்காதே" என்று அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். இவ்வளவுதான் கதை.

மே 21, செவ்வாய்

இடுப்பு வலிக்கிறது.

மே 22, புதன்

இடுப்பு, முதுகு, தொடை, நெஞ்செலும்பு. எனக்கு இத்தனை எலும்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பள்ளிக்கூட எலும்புக்கூட்டை அலமாரியில் நிற்க வைத்துப் பூட்டுகிறோமே, பாவம், அதற்கு என்னென்ன வலித்ததோ. எலும்புக்குள் செல்கள் பெருகி நெருக்குவதால் வரும் வலி என்கிறார் டாக்டர். பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் நிலையம் மாதிரி நெரிசல், எல்லோருக்கும் ஊருக்குப் போகணும்.

அக்கா வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்கக் கஷ்டப்படுகிறாளாம். என் இடுப்பைப் பற்றி அதிகம் எழுதுவது முறையில்லை.

மே 23, வியாழன்

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன். தெரியாத நம்பர் இல்லை. ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பர்.

"ஏலே. நாந்தான்."

"சொல்லுக்கா."

"வலிக்கா?"

"லேசாத்தான்."

"பொய் சொல்லாதே. நீ இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கத பூரணி போட்டோ எடுத்து அனுப்பிருக்கா. நெறமாசக்காரி மாதிரி நிக்கே."

"அந்த வகுப்புலயும் போய் உக்காந்தாச்சு."

அவள் சிரிக்க முயன்றாள். வாய்ப்புண் வலித்திருக்க வேண்டும், பாதியில் நின்றுவிட்டது.

"நாளைக்கு உன் செல்ல உள்ள விடப் போறாவ. எலும்பு எந்தப் பக்கம்னு சொல்லி அனுப்பு" என்றாள்.

"உன் எலும்புதான கூப்பிடணும். டாக்டர் அப்படித்தான் சொன்னாக."

"நான் கூப்பிட்டா நீ வந்துருவியாக்கும்" என்று போனை வைத்துவிட்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆறு வருடமாக இருக்கிறது. சொர்ணத்துக்கு மட்டும் தெரியும்.

மே 24, வெள்ளி

நான்கரை மணி நேரம் மெஷினில் கிடந்தேன். ஒரு கையில் ரத்தம் போய், தேவையானதை எடுத்துக்கொண்டு, மற்ற கை வழியாகத் திரும்பி வருகிறது. உதடு மரத்துப் போயிற்று. கால்சியம் குறைகிறது என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். மூக்கு அரித்தது, இரண்டு கையும் அசையக் கூடாது, பூரணி சொறிந்துவிட்டாள். அவள் பிறந்தபோது அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தவன் நான்.

கிடைத்தது ஒரு சின்னப் பை. தக்காளி ரசத்தில் கொஞ்சம் பால் விட்ட நிறம். இதற்காகவா இந்த வலி என்று கேட்டேன்.

"இதுல இருக்கிறது அவங்களுக்குத் தாராளம் சார். நல்ல விளைச்சல்" என்றார் டாக்டர்.

மாலை ஐந்து மணிக்கு அக்காவுக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பூரணியும் நின்றோம். இருபது நிமிடம்தான் ஆயிற்று. ஒரு சத்தமில்லை, விளக்கு எரியவில்லை. குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஏற்றி, பையைக் கழற்றிவிட்டார்கள். அக்கா கையைத் தூக்கிக்காட்டி, அப்புறம் தன் இடுப்பெலும்பை விரலால் தட்டிக் காண்பித்தாள். இந்தப் பக்கம் என்று அர்த்தம்.

சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதேன். அது பெண்கள் கழிவறை என்பது வெளியே வரும்போதுதான் தெரிந்தது.

மே 25, சனி

இடுப்பு வலி குறைந்திருக்கிறது. கிளம்பினவை கிளம்பிவிட்டன.

மே 28, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் உள்ள லாட்ஜில்தான் இன்னும் இருக்கிறேன். ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொர்ணத்திடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தினமும் காலையில் அக்காவின் வெள்ளையணு எண்ணிக்கையைப் பூரணி சொல்லுகிறாள். இன்று பூஜ்யம். பூஜ்யம்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நாள் ஆகும், பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். செல்கள் மஜ்ஜைக்குப் போகச் சில மணி நேரம் போதும். போய் உட்கார்ந்து, பெருகி, புது ரத்தம் வெளியே தெரிவதற்குத்தான் இத்தனை நாள்.

"போயிருச்சான்னு இப்பவே பார்க்க முடியாதா?"

"முடியாது சார். ஏத்தின செல்லோட எண்ணிக்கை எல்லாம் சரி. இனி காத்திருக்கிறதுதான்."

கடிதம் போட்டவன் நிலைமைதான். சேர்ந்ததா என்று பதில் வந்தால்தான் தெரியும்.

சொர்ணம் போனில் கேட்டாள், "அவங்ககிட்ட இன்னமும் சொல்லலியா?"

"எதை?"

"சரி. சாப்பிட்டீகளா?" என்றாள். அவளுடைய இந்தச் 'சரி'க்கு நான் பயந்தவன்.

துணி துவைத்தேன். பையை உதறியபோது அடியிலிருந்து பூரணியின் கல்யாண அழைப்பிதழ் விழுந்தது. பழைய பை. எடுத்து மறுபடி உள்ளேயே வைத்தேன்.

மே 31, வெள்ளி

பூஜ்யம். மத்தியானம் தயிர்ச்சாதம்.

ஜூன் 2, ஞாயிறு

அக்காவுக்கு நேற்றிலிருந்து நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறதாம். எதிர்த்து நிற்க அவள் உடம்பில் ஒரு வெள்ளையணுகூட இல்லை. டாக்டர் நிலோஃபர் இன்று சிரிக்கவில்லை.

"மருந்து மாத்தியிருக்கோம். உங்க செல் இப்போ தலைகாட்டினா நல்லது" என்றார்.

நான் என்ன செய்ய முடியும்? வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்புவதுபோல எழுப்ப முடியுமா? காலை முழுக்க நடைபாதையில் உட்கார்ந்து, அவை என் செல்கள் என்பதற்காகக் கூச்சப்பட்டேன். வேறு ஒருவனுடையதாக இருந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கியிருக்கும். என்னுடையவை மண்ணீரலில் நின்று, "கோவில்பட்டிக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

அக்கா செத்துப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன்: பூரணி கல்யாணத்தன்று நான் காலை எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். அழைப்பிதழில் இருந்த மண்டபத்துக்கு, ஒரு தெருகூட மாறாமல், சரியாகப் போய்ச் சேர்ந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. கேட் பூட்டியிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர். மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். போனில் எந்தச் சேதியும் இல்லை. கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை, கல்யாண வீட்டு மேளத்தில் யார் காதில் விழும்? கடைசியில் ஒரு டீக்கடைக்காரர்தான் மண்டபம் மாறியதைச் சொன்னார், தண்ணீரில் நடந்தே போனேன்.

அங்கே போனபோது அத்தானின் அண்ணன்மார் மூவரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள். ஒத்தப் பொம்பளை கல்யாணம் நடத்தினா இப்படித்தான் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. சம்பந்தி வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உனக்குத்தான் சேதி அனுப்புனேன்ல?" என்று அக்கா கத்தினாள்.

"அனுப்புனக்கா. நாந்தான் வழி தப்பிட்டேன்" என்றேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஜூன் 3, திங்கள்

காய்ச்சல் நூற்று இரண்டு. எண்ணிக்கை பூஜ்யம்.

ஜூன் 5, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது! எண்ணிக்கை நாற்பது. பூஜ்யத்துக்குப் பிறகு நாற்பதைப் பார்க்கும்போது, நாற்பது லட்சம் என்று எழுதியிருப்பதைப் போல இருக்கிறது. மருந்து கேட்டதா, என் செல்களா என்று டாக்டரிடம் விசாரித்தேன். "ரெண்டும்னு வச்சுக்கோங்க" என்றார். நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நூற்றெண்பது.

அக்கா தெம்பாக உட்கார்ந்துவிட்டாள், அறையில் வேறு வேலையில்லை. போனில் உள்ள பழைய குப்பையையெல்லாம் அழித்துக்கொண்டிருக்கிறாளாம். தபால் ஆபீஸ் புத்தி, ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் அழிப்பாள்.

சாயங்காலம் பூரணி ஒரு மாதிரி முகத்தோடு வந்தாள். "மாமா, என் கல்யாணத்துக்குப் பால்காரர் எப்படி வந்தார்னு அம்மா கேக்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"நல்ல மனுஷன். பாயசம் பிடிக்கும்" என்றேன்.

ஜூன் 8, சனி

முந்நூற்றிருபது. நான் கண்ணாடிப் பக்கம் போனபோது அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். களைப்பாக இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

ஐந்நூற்று நாற்பது!! மூன்று நாள் தொடர்ந்து ஐந்நூறுக்கு மேலே இருந்தால் ஒட்டிக்கொண்டதாக அர்த்தமாம். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. போய்த்தான் ஆகவேண்டும். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், சொல்லாமல் வந்துவிட்டேன். எழும்பூரில் சரியான வண்டியில் ஏறிவிட்டதைப் பூரணி ஜன்னல் வழியாக இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் நதிகள் பாடம் நடத்தும்போது போன் வந்தது. எடுக்கக் கூடாதுதான். எடுத்தேன்.

"ஆயிரத்து நூறு மாமா! ஒட்டிக்கிச்சு! டாக்டரே சொல்லிட்டாங்க!" பூரணி அழுதாள். பின்னால் டாக்டரின் குரல் கேட்டது, "சார், இனிமே உங்க அக்காவுக்கு ஓ பாசிடிவ் போய் உங்க பி பாசிடிவ் வந்துரும்."

நாற்பத்திரண்டு பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். தாமிரபரணி அரபிக்கடலில் கலக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "சார், மன்னார் வளைகுடா" என்று திருத்தினாள். உட்காரம்மா, உனக்குப் பத்துக்குப் பத்து என்றேன்.

ஜூன் 12, புதன்

அக்காவிடமிருந்து எழுத்துச் சேதி. புதிதாக எழுதியது அல்ல, பழைய சேதி ஒன்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். மேலே தேதி, ஆறு வருடத்துக்கு முந்தின ஐப்பசி மாத ராத்திரி.

"மண்டபத்துல தண்ணி ஏறிருச்சு. ரயில்வே கேட் தாண்டி இடது பக்கம் உள்ள மண்டபத்துக்கு மாத்தியாச்சு. வெள்ளனமே வந்துரு. வழி தெரியலேன்னா தேடி அலையாதே, நின்ன எடத்துலருந்து போன் பண்ணு. நான் வாசல்லதான் நிப்பேன். நீ வந்தப்புறந்தான் பிள்ளைய மேடைக்கு அனுப்புவேன். அக்கா."

சேதி போயிருந்தவர் பெயர் கதிர்வேல் பால். அவள் போனில் கதிரேசன் என்கிற என் பெயருக்கு அடுத்த வரி.

கீழே அவருடைய பதில்: "ரொம்ப சந்தோசம்க்கா. குடும்பத்தோட வாரோம்."

இதைப் படித்துச் சிரித்தேனா அழுதேனா என்று எழுதத் தெரியவில்லை. சொர்ணத்திடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "சரி" என்று சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏம்ல சொல்லல?"

"பெரிய அத்தான் நின்னாருல்ல."

"அதுக்கப்புறம்? ஆறு வருசம் இருந்துச்சே?"

"வாசல மிதிக்காதன்னு சொன்ன. நான் சொன்னபடி கேக்கறவன்."

"முப்பத்தோரு வருசம்ல" என்றாள்.

"ஒரே ஒரு தபால்தானக்கா. போனாப் போகுது" என்றேன்.

ஜூன் 22, சனி. சென்னை

அக்காவை வெளியே விட்டுவிட்டார்கள். ஆனால் மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூரணி ஒரு சின்ன வீடு பிடித்திருக்கிறாள். எழும்பூருக்கு வரட்டுமா என்று கேட்டவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் செல்களே கைப்பிடிக்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்போது நான் போகாமல் இருந்தால் மானக்கேடு.

பஸ் சரியானது. நிறுத்தமும் சரியானது. இறங்கியபின் இரண்டாவது தெரு என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கமிருந்து இரண்டாவது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. ஒரு மாவு மில், ஒரு மசூதி, மறுபடி அதே மாவு மில். தேடி அலையாதே என்ற வரி நினைவுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே நின்று போனை எடுத்தேன்.

அதற்குள், "ஏலே! இங்கன!" என்று சத்தம்.

எதிர்ச்சந்தின் கோடியில் ஒரு வீட்டு வாசலில், தலையில் துண்டு, முகத்தில் கவசம், கரண்டிக் காம்பு மாதிரி மெலிந்து நின்றாள். கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நான் கிட்டே போகும்வரை நிறுத்தவில்லை. வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூரணி உள்ளேயிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நேரமா இங்க நிக்கே?" என்று கேட்டேன்.

"இன்னைக்கா, அன்னைக்கா?" என்றாள்.

பூட்டியிருந்த மண்டபத்தின் முன்னால் நான் நின்ற அதே ஒன்றரை மணி நேரம், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், போனை உள்ளேயே மறந்துவிட்டு, அவளும் வாசலில் நின்றிருக்கிறாள். முகூர்த்தம் தப்பப்போகிறது என்று பெரிய அத்தான் வந்து இழுத்துக்கொண்டு போகிற வரைக்கும்.

வாசல் குழாயில் என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். ஏழு படிகளையும் எண்ணினாள், நான்காவதை விட்டுவிட்டேன் என்று மறுபடி முதலிலிருந்து கழுவச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு எதிரேதான் இருக்கிறது, எனக்கே தெரிகிறது என்றேன். கையை விடவில்லை.